திருச்சிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு

சென்னை, மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தால் இனி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்குவோம் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலை முதல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூரில் உள்ள புதிய பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டன. துறையூர், முசிறி, லால்குடிக்கு இப்போதும் சத்திரம் பேருந்து நிலையம்தான். ஸ்ரீரங்கத்துக்கு அதே ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போங்கள். சிங்கப்பூரில் ஏசி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஏங்குவது அந்தக் காற்றுக்குத்தான்.

சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் டவுன் பஸ்ஸில் இது செல்லாது. திருச்சியில் தனியார் பஸ்கள் நிறைய ஓடுகின்றன, பார்த்து ஏறுங்கள். சில்லறை வைத்திருங்கள்.

நகரம் தாண்டி அரசு அலுவலகத்தில் வேலை இருந்தால்தான் கஷ்டம். அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்தேன். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொருவராகத் தாண்ட வேண்டும். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒன்று, அப்புறம் இரவு வந்து தங்கும் நைட் ஹால்ட். காலை பஸ்ஸில் போனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. அலுவலர் வருவதற்குள் மத்தியான பஸ் போய்விடுகிறது. "இன்னைக்கு மீட்டிங் சார், நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கூட்டிப் போனால், "அக்கம்பக்கத்துல சாட்சி வேணுமே." முதல் நாளே இதைச் சொல்வதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? வெளியூர்க்காரனின் லீவு தீர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை அங்கே ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட சித்தப்பாவோ, கார் வந்தால்தான் வருவேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நிழற்குடை இல்லாத அந்த நிறுத்தத்தில் நின்று பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஒவ்வொரு படியாக ஏறினார். "எப்பவும் இப்படித்தாம்ப்பா, நீ ஏன் பதறுற?" என்றார். போனில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆட்டோவில் போங்கள் என்று சொல்லித்தான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அவர் இலவச பஸ்ஸுக்காக வெயிலில் காத்து நிற்கிறார். கூட இருக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

அதனால் போய் இறங்கியதும், பெற்றவர்களோடு அவர்கள் வழக்கமாகப் போகும் பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள். கிராமத்து பஸ் நேரத்தைப் போனில் தேடாமல் நிறுத்தத்து டீக்கடையில் கேளுங்கள். நைட் ஹால்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டால் திரும்பி வரும் கவலை இல்லை. மனுவை ஊரில் இருப்பவர்கள் முன்னாடியே போட்டு வைக்கட்டும். விசாரணைக்கு யார் யார் வர வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த நாளுக்கு வாடகைக் கார் பேசிவிடுங்கள், சாட்சிகளையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.