டர்போ காரின் சவுண்ட் பைப்பைக் கழற்றி ஓட்டையை ஒழுங்காக அடைப்பது எப்படி?

டர்போ வைத்த சில பெட்ரோல் கார்களில் பானெட்டைத் தூக்கினால், இன்டேக் பைப்பிலிருந்து (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) கிளம்பி ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) வரை போகும் ஒரு குழாய் தெரியும். அதுதான் சவுண்ட் பைப். பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கூலன்ட்டுக்கும் இல்லை. இன்ஜின் சத்தத்தை வண்டிக்குள் இருப்பவர் காதுக்குக் கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? எக்ஸாஸ்ட்டில் வரும் துடிப்பின் ஆற்றலில் ஒரு பங்கை, அந்த வாயுவால் சுழலும் டர்போவின் டர்பைன் எடுத்துக்கொள்கிறது. இன்டேக் பக்கம் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும் அதை ஆறவைக்கும் இன்டர்கூலரும் சத்தத்தை மழுங்கடிக்கின்றன. இன்ஜின் இழுக்கும், ஆனால் உறுமாது. காசு கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு அது பிடிக்காது. அதனால் இன்டேக் காற்றின் துடிப்பை ஒரு டயாஃப்ரத்தில் (மெல்லிய சவ்வு) மோதவிட்டு, அந்த அதிர்வைக் குழாய் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரிதான். ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டி, ஃபியஸ்டா எஸ்டி வண்டிகளில் இதற்கு சவுண்ட் சிம்போசர் என்று பெயர். அந்த இரண்டும் இந்தியாவில் விற்கப்படவில்லை. பிரிட்டனுக்கு வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்க்கலாம். ஆனால் கீழே சொல்லும் முறை, இப்படிக் குழாய் உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும்.

எதற்காகக் கழற்றுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி வரை 544-ஆம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விடாமல் கேட்டுத் தலைவலி வருகிறதா? நியாயமான காரணம். டயாஃப்ரம் இருக்கும் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டு பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று) கசிகிறதா? அதைவிட நியாயம். பவர் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் பானெட்டை மூடிவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் சவுண்ட் பைப் பவரைத் தின்பதில்லை.

சரியான குழாய்தானா?

புதியவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஃபயர்வாலை நோக்கிப் போகும் குழாய்கள் பல. அவற்றில் ஒன்று உங்கள் உயிர்.

இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு ஒரு வேக்கம் ஹோஸ் போகும். டிரைவர் பக்கம், பிரேக் பெடலுக்கு நேர் எதிரே, பெரிய வட்டமான கறுப்பு டப்பாவில் போய்ச் சேரும். அதைத் தொடவே கூடாது. கழற்றினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களில் கூலன்ட் ஓடும். அலுமினியக் குழாய்கள் ஏசியுடையவை. இன்னொரு குழப்பமும் உண்டு: டர்போவை ஒட்டி உப்பலாக, வேறெங்கும் போகாமல் நிற்கும் ஒரு டப்பா. அது ரெசொனேட்டர். சத்தத்தைக் குறைக்க வைத்தது. அதைக் கழற்றினால் நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரானது நடக்கும்.

சவுண்ட் பைப்புக்கு மூன்று அடையாளங்கள். ஒரு முனை இன்டேக் பாதையில் இருக்கும், பெரும்பாலும் த்ராட்டில் பாடிக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் பகுதி) சற்று முன்னால். நடுவில் வட்டமான ஒரு கூடு, அதற்குள் டயாஃப்ரம். மறுமுனை ஃபயர்வாலில் உள்ள ரப்பர் வளையத்தில் சும்மா செருகியிருக்கும். சில வண்டிகளில் கூட்டில் ஒரு சின்ன மின் கனெக்டரும் இருக்கும்.

குழாயே காணவில்லை, ஆனால் உறுமல் கேட்கிறது என்றால் உங்கள் வண்டியில் இருப்பது மின்னணு ஏற்பாடு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்றவற்றில் முன்கண்ணாடியின் அடிப்பக்கம் ஒரு அதிர்வுக் கருவி இருக்கும், வேறு சிலவற்றில் ஸ்பீக்கர் வழியாகவே சத்தம் வரும். அதற்கு ஸ்பேனர் வேலை கிடையாது.

முதலில் பாதி மட்டும்

டயாஃப்ரத்துக்கு முன்னால் உள்ள பாதியில் பூஸ்ட் அழுத்தம் இருக்கும். பின்னால் உள்ள பாதி சும்மா காற்று. இந்த ஒன்று புரிந்தால் பயம் பாதி போய்விடும்.

எனவே முதல் நாள் பின்பாதியை மட்டும் எடுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. சாவி பையில் இருக்கட்டும், ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் தானாகச் சுற்றும். எதையும் தொடும் முன் எல்லாக் கோணத்திலிருந்தும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் குழாயின் கிளிப்பை நோஸ் பிளேயரால் அழுத்தி, குழாயை முறுக்கியபடி இழுத்தால் வந்துவிடும். ஃபயர்வால் ஓட்டையை அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

ரீங்காரம் போய்விட்டதா? கூடும் விரிசலில்லாமல் இருக்கிறதா? அப்படியானால் என் யோசனை, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூஸ்ட் பக்கத்தைத் தொடாமலே காரியம் முடிந்தது. நாளைக்கு மனம் மாறினாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.

ஃபயர்வால் ஓட்டைக்கு அதற்கேற்ற ரப்பர் மூடியை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிப் போடுங்கள். டேப் ஒட்டுவது வேலைக்காகாது, இன்ஜின் சூட்டில் பசை இளகிவிடும். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலோரம் வண்டி நிறுத்துகிற எங்களுக்கு எலிதான் முதல் எதிரி. திறந்த ஓட்டை கிடைத்தால் உள்ளே வந்து வயரிங்கில் குடும்பம் நடத்தும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அந்த வழியே ஈரமும் வரும். எக்ஸாஸ்ட்டில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது.

பூஸ்ட் பக்கத்தைக் கழற்றுதல்

கூடு உடைந்திருந்தால், அல்லது முழுதும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், தொடருங்கள்.

தேவையானவை: 10 மி.மீ சாக்கெட், எக்ஸ்டென்ஷனோடு ராட்சட், டார்க்ஸ் பிட்கள், நோஸ் பிளேயர், டார்ச், வெர்னியர், நல்ல ஹோஸ் கிளாம்ப்.

மின் கனெக்டர் இருந்தால், அதை மட்டும் பிடுங்கிவிட்டு முதலில் வண்டியை ஓட்டுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, ஓபிடி ஸ்கேனரில் (இன்ஜின் கணினி பதியும் பிழைக் கோடுகளைப் படிக்கும் கருவி) கோடு வருகிறதா என்று பாருங்கள். எரிந்தால், கழற்றிய பிறகும் அது எரியும். அதற்கு வழி கண்டுபிடித்த பிறகே மேலே போங்கள்.

மேலே உள்ள பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு, கூடு இன்டேக் பைப்போடு சேரும் இடத்தைச் சுற்றிலும் தூசி துடையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓடிய வண்டியில் அங்கே மணல் ஒரு படலமாகவே இருக்கும். த்ராட்டில் பாடிக்கு முன்னால் விழும் எதுவும் நேரே வால்வுக்குத்தான் போகும், நடுவில் ஃபில்டர் கிடையாது. கூட்டைக் கழற்றிய நொடியே ஓட்டையில் ஒரு துணியைத் திணியுங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். இங்கே அது வேண்டாம், நூல் பிரியும். நூல் பிரியாத, கண்ணைப் பறிக்கும் நிறத்துத் துணி ஒன்று, வாலை வெளியே நீட்டிக்கொண்டு. மூடும்போது மறக்காமல் இருப்பதற்குத்தான் அந்த நிறம்.

பைப்புக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பதற வேண்டாம். இன்ஜினின் பிரீதர் (உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியே வரும் ஆவி அது. குட்டையாகத் தேங்கியிருந்தால் மட்டுமே டர்போவை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அடைப்பான்

அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ விட்டமுள்ள ஓட்டையின் பரப்பு சுமார் 4.9 சதுர செ.மீ. டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால் அடைப்பானை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமம். 38 மி.மீ என்றால் 11 கிலோவைத் தாண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தத் தள்ளல் உண்டு, அதுவும் சூட்டில். வேக்கம் லைனுக்குப் போடும் மெல்லிய ரப்பர் மூடி, எம்-சீல், சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட் எதுவும் இங்கே நிற்காது. பேஸ்ட் உரிந்தால் அந்தத் துண்டும் இன்ஜினுக்குள்தான் போகும்.

கூடு போல்ட் போட்ட ஃபிளாஞ்சில் (தட்டையான விளிம்பு) உட்கார்ந்திருந்தால் தட்டை அடைப்பான். குழாய்க் கழுத்தில் கிளாம்ப் போட்டிருந்தால், உள்ளே துணி இழை அடுக்குகள் கொண்ட தடித்த சிலிக்கான் மூடி. ரப்பர் ஹோஸின் வாய் திறந்து நின்றால் உருளை அடைப்பான்.

சில மாடல்களுக்கு ரெடிமேடாகவே கிடைக்கும். இல்லையென்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போய்விடுங்கள். பம்ப் செய்கிற ஊரில் லேத்துக்குப் பஞ்சமா? ஆனால் "அண்ணா, இந்த ஓட்டைக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. கழற்றிய கூட்டையே கையில் கொண்டுபோங்கள், அளவை ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். தட்டை அடைப்பானுக்கு 6 மி.மீ அலுமினியம் தாராளம். பழைய கூட்டில் இருந்த ஓ-ரிங்கை அளந்து, அதற்கு முகப்பில் குரூவ் (பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். ஓ-ரிங் தடிமன் 3 மி.மீ என்றால் குரூவ் ஆழம் 2.3 மி.மீ அளவில் இருக்கலாம். ரிங் நசுங்கினால்தான் சீல் ஆகும், முழுக்க உள்ளே புதைந்தால் ஆகாது. ஓ-ரிங் புதிதாக வாங்குவதென்றால் எண்ணெயும் சூடும் தாங்கும் விட்டான் ரப்பர் கேளுங்கள். உருளை அடைப்பான் என்றால் ஹோஸுக்குள் போகும் முனையில் ஒரு மேடு வளையம் வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி, ஹோஸ் வாய்ப்பக்கமாக உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் ஒருநாள் வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓரமெல்லாம் சேம்பர் அடித்து (சரிவாகச் சீவி), பிசிறில்லாமல் வாங்கி, கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள். அலுமினியத் தூள் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது.

மாட்டுவது எளிது. துணியை வெளியே எடுங்கள். சேரும் பரப்பில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, அடைப்பானை வைத்து, போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபிளாஞ்ச் பிளாஸ்டிக் என்றால் கைப்பலத்தைக் காட்டாதீர்கள். ஹோஸ் கிளாம்ப்பில் ரப்பர் பிதுங்கினால் அளவுக்கு மீறிவிட்டது.

கசிவுச் சோதனை

ஐடிலில் நிறுத்தி சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஒன்றும் தெரியாது. அப்போது த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள பைப்பில் பூஸ்டே இருக்காது.

டர்போவின் வாய் அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, அதில் ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். இன்ஜின் நின்றிருக்க, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி இந்தக் கேப்பை மாட்டி, கால் பம்பால் 5 பிஎஸ்ஐ வரை அடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பிரீதர் வழியே இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்கும் அழுத்தம் போய் ஆயில் சீலைக் கெடுக்கும். இப்போது அடைப்பானைச் சுற்றி சோப்புத் தண்ணீர். நுரை கிளம்பினால் கசிவு. மீட்டர் மெதுவாக இறங்குவது சகஜம், ஏதாவதொரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும். பார்க்க வேண்டியது நீங்கள் கை வைத்த இடத்தை மட்டும்.

பிறகு ரோட்டில். ஆளில்லாத நேரத்தில் மூன்றாவது கியரில் ஒருமுறை முழுசாக மிதியுங்கள். 'புஸ்' என்று சத்தம், இழுவையில் சோர்வு, ஸ்கேனரில் பி0299 கோடு, இவற்றில் எது வந்தாலும் அடைப்பான் பிடிக்கவில்லை. பி0299 என்பது எதிர்பார்த்த பூஸ்ட் வரவில்லை என்று இன்ஜின் கணினி புகார் சொல்வது.

கழற்றியதை எறியாதீர்கள்

2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. சவுண்ட் பைப்பைக் கழற்றினால் வெளியே சத்தம் அதிகமாகாது, உள்ளேதான் குறையும். என்றாலும் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றங்கள் விஷயத்தில் கறாரானது, வாரன்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் சென்டரும் கேள்வி கேட்கும். கூடு, குழாய், பழைய போல்ட், கிளிப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, மேலே வண்டி நம்பரை எழுதி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.