தொடை வலியும் கொழுப்பு மாத்திரையும்: என் அனுபவம்

கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையின் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 40 ஆக உயர்த்திய மூன்றாம் வாரத்தில், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதபடி தொடைகளில் வலி தொடங்கியது. நடைப்பயிற்சியைக் குறைத்தேன், காலணியை மாற்றினேன், தைலம் தடவினேன், எதிலும் பலனில்லை. தசைப் பாதிப்பைக் காட்டும் சிகே இரத்தப் பரிசோதனையும் இயல்பாகவே வந்ததால் மாத்திரையின் மீதிருந்த சந்தேகத்தையே கைவிட்டுவிட்டேன். பத்து நாள்கள் வீணானது அங்கேதான்.

வலி இரு தொடைகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருப்பதை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் வழி பிறந்தது. சுளுக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும் என்றும், ஸ்டாட்டின் எனப்படும் இவ்வகைக் கொழுப்பு மாத்திரைகளால் வரும் வலியோ இருபுறமும் ஒன்றுபோல் வருவது வழக்கம், சிகே உயராமலும் வரலாம் என்றும் அவர் விளக்கினார். தைராய்டு சுரப்புக் குறைவும் இதே வலியைத் தரும் என்பதால் அதையும் பரிசோதித்து, இல்லையென்று தெரிந்தபின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் கையூன்றாமல் எழுந்தேன், பெரிய நிம்மதி. ஆறு வாரம் கழித்து, அவர் சொன்னபடி, உடலில் நெடுநேரம் தங்கும் இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராம் அளவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினேன். வலி திரும்பவில்லை, 142 ஆக இருந்த எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 96-க்கு இறங்கியிருக்கிறது.