சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மருந்தை மாற்றலாமா?

லைபீரியாவிலும் எபோலா வரலாம் என்று ஐரோப்பிய இதழ் ஒன்றில் 1982-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. 2014-ல் அங்கே எபோலா தாக்கியபோது, நாட்டின் சுகாதாரத் துறைக்கு அந்தக் கட்டுரை இருப்பதே தெரியாது. அதைத் தரவிறக்க 45 டாலர் ஆகும், அது ஒரு லைபீரிய மருத்துவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் 2015-ல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதினார்.

விலை பெரிய தடைதான். ஆனால் அந்தத் தடையைத் தாண்டப் பார்க்கும்போது செய்கிற தவறுகளும் உண்டு.

முதலாவதும் மோசமானதும், ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை (abstract) மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் சுருக்கம் இலவசம், முழுக் கட்டுரைக்குப் பல நேரம் காசு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் பணியில் இருந்த தென்பகுதி ஆப்பிரிக்க மருத்துவர் ஒருவர், ஒரே ஒரு சுருக்கத்தை நம்பி, நன்றாகப் பலன் தந்துகொண்டிருந்த சிகிச்சையை விட்டுவிட்டுப் பலன் குறைந்த ஒன்றுக்கு மாறினார். குறுகிய காலமே கண்காணித்த, முழுமையான தரவு இல்லாத ஆய்வு அது. முழுக் கட்டுரை கையில் இருந்திருந்தால் அவர் நாட்டுக்கு அது பொருந்தாது என்று தெரிந்திருக்கும். எத்தனை பேரை, எங்கே, எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்று பார்க்க முடியவில்லையா? சரி, அப்படியானால் சிகிச்சையை மாற்றாதீர்கள்.

அடுத்தது ஹினாரி. ஏழை நாடுகளில் மருத்துவ இதழ்களைப் படிக்க வழிசெய்ய, உலக சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய திட்டம் இது. மிக ஏழ்மையான நாடுகளுக்கு இலவசம், சற்று மேலே உள்ளவற்றுக்குக் குறைந்த கட்டணம். இதில் தனி மருத்துவர் பதிய முடியாது, மருத்துவமனையோ கல்லூரியோதான் பதிய வேண்டும். பதிந்த பிறகும் பலர் கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத்தின் தளத்துக்குப் போய், காசு கேட்கிறதே என்று திரும்பிவிடுகிறார்கள். ஹினாரி தளத்தில் லாகின் செய்து அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

அதற்காக அதை நிரந்தரம் என்றும் நம்பிவிடக் கூடாது. 2011 தொடக்கத்தில் சில பெரிய பதிப்பகங்கள் பங்களாதேஷுக்கு 2,500-க்கும் மேற்பட்ட இதழ்களை நிறுத்தின. கண்டனம் கிளம்பியதும் திரும்பத் தந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம், காசு கேட்டவுடன் கார்டை எடுப்பது. அதே கட்டுரை, முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் இருக்கலாம். இல்லையென்றால் ஆய்வாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் பலர் அனுப்பிவிடுவார்கள், கேட்கத்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம்.

இந்தியாவுக்கு ஹினாரி கிடையாது. ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சந்தா கட்டும், 2025-ல் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டமும் அரசு நிறுவனங்களுக்குத்தான். சிறு ஊரில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் மருத்துவருக்கு பப்மெட் சென்ட்ரலும் அந்த மின்னஞ்சலும்தான் வழி.