றப்பர் படகை ரெயிலரில் இழுத்துப் போய்க் கடலில் இறக்குவது எப்படி: திருகோணமலைக் கரைகளுக்கு

என்னிடம் இருப்பது 3.3 மீற்றர் நீளமான பிவிசி படகு. பிவிசி என்றாலும் எங்கள் ஊரில் எல்லாரும் றப்பர் படகு என்றுதான் சொல்வார்கள். 15 குதிரைவலு எஞ்சின், இரண்டு ஸ்ட்ரோக். படகு பழையதாக வாங்கியது. ரெயிலரை மச்சானும் நானும் ஒரு கராஜில் நின்று செய்வித்தோம்.

காற்று அடிப்பது, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது, லைஃப் ஜக்கெட் போடுவது எல்லாம் படகோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாதது வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்குமான வழி. நான் கஷ்டப்பட்டது அங்கேதான். அதனால் இந்தப் பதிவு அந்த வழியைப் பற்றி மட்டும்.

ரெயிலர் எப்படி இருக்கவேண்டும்

பைபர் படகு ரெயிலர்களில் றோலர் போட்டிருப்பார்கள். றப்பர் படகுக்கு அது வேண்டாம். றோலர் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், படகின் அடித்தளமோ மெல்லியது. இரண்டு நீளப் பலகைகளை வைத்து, மேலே பழைய கார்ப்பெட்டைச் சுற்றி, படகின் இரு பக்கக் காற்றுக் குழாய்களும் அதில் முழு நீளத்துக்கும் படுக்கிற மாதிரிச் செய்யுங்கள். பலகை படகின் பின்பலகை, அதாவது எஞ்சின் பூட்டும் பலகை வரைக்கும் வரவேண்டும். அரை அடி குறைந்தாலும் பின்பக்கம் அந்தரத்தில் தொங்கி, ஒவ்வொரு குழிக்கும் ஆடும்.

ரயர் விஷயத்தில் என் விருப்பம் ஓட்டோ ரயர்தான். 4.00-8 அளவு. சின்ன ரெயிலர்களுக்குப் போடும் அளவும் அதுவே. பஞ்சரானால் நிலாவெளிச் சந்தியிலும் ஒட்டலாம், கிண்ணியாவிலும் ஒட்டலாம். வெளிநாட்டு ரெயிலர் ரயர் தேடி அலையத் தேவையில்லை. சட்டத்துக்குப் பெயின்ட் அடிப்பதைவிட நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் எங்கள் உப்புக் காற்றில் பெயின்ட் ஒரு வருடத்துக்குமேல் நிற்பதை நான் பார்க்கவில்லை.

ஏற்றிக் கட்டுவது

எஞ்சினைப் படகில் பூட்டியபடி வீதியில் இழுக்காதீர்கள். 40 கிலோ அளவான இரும்பு பின்பலகையின் நுனியில் தொங்கிக்கொண்டு வரும். குழிகளில் அது துள்ளும்போது பலகையும் குழாயும் ஒட்டியிருக்கும் இடம் பிரியத் தொடங்கும். எனக்கு அது நடந்தது. ஒரு நாள் கழுவும்போது பார்த்தால், வலப்பக்க மூலையில் பசை ஒரு நகம் புகும் அளவுக்கு வாய் திறந்திருந்தது, உள்ளே மெல்லிய கோடாக மணல். நல்லகாலம், கடலில் வைத்துப் பிரியவில்லை. திரும்ப ஒட்டிக் காயவைக்க இரண்டு நாள் போனது. அன்றிலிருந்து எஞ்சின் வாகனத்துக்குள்தான் வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எந்தப் பக்கம் சாய்த்துக் கிடத்தலாம் என்று அதன் மூடியிலோ புத்தகத்திலோ பாருங்கள். மாறிக் கிடத்தினால் ஒயில் வழியும்.

எஞ்சினைக் கழற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பின்பக்கம் பாரமான ரெயிலர் வேகம் எடுத்ததும் வாலாட்டும், பிறகு வாகனத்தையும் சேர்த்து ஆட்டும். ரெயிலரை வாகனத்தில் மாட்டும் கொக்கியில் விழும் பாரம் மொத்தப் பாரத்தின் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்கவேண்டும். படகும் ரெயிலரும் சேர்ந்து 170 கிலோ என்றால் 9 முதல் 17 கிலோ. வீட்டில் நிறை பார்க்கும் தராசின்மேல் ரெயிலரின் மூக்கை வைத்துப் பாருங்கள். குறைந்தால் பெற்றோல் தாங்கியையும் நங்கூரத்தையும் முன்னுக்கு நகர்த்துங்கள்.

கட்டுவதற்கு ரட்செட் பட்டி நல்லது. ஆனால் பட்டி குழாயில் படும் இடத்தில் பழைய துவாய் ஒன்றை மடித்து வையுங்கள். பட்டிக்கும் பிவிசிக்கும் நடுவில் கிடக்கும் நாலு மணல் அரத்தைப் போலத் தேய்க்கும். கொக்கியின் கீழே பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் விழும்.

காற்றைப் பற்றி ஒன்று. புறப்படும்போது முழு அமுக்கத்துக்கு அடித்துவிடாதீர்கள். என் படகின் குழாய்க்குரிய அமுக்கம் 0.25 பார் (bar). காலை 28 பாகையில் அவ்வளவு அடித்துவிட்டு, வெயிலில் நிறுத்தி அது 60 பாகைக்குச் சூடேறினால், கணக்குப்படி 0.38 அளவுக்கு ஏறும். குழாய் கொஞ்சம் விரிவதால் அவ்வளவும் ஏறாது, ஆனாலும் தையலுக்கு அது கூடாது. பிறகு தண்ணீரில் போட்டதும் காற்றுக் குளிர்ந்து அமுக்கம் விழுந்து படகு தொளதொளக்கும். அதனால் வீதிக்குக் கொஞ்சம் குறைவாக, கரையில் ஒரு தடவை, தண்ணீரில் ஐந்து நிமிடம் கிடந்த பிறகு இன்னொரு தடவை என்று அடியுங்கள். பம்பைப் படகிலேயே வைத்திருங்கள்.

வீதியும் ரிவேர்ஸும்

நான் 40-க்கு மேலே போவதில்லை. சின்ன ரயர் வாகன ரயரைவிட ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, பெயாரிங் சூடாகும். நகரத்திலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் வரும். பாதி வழியில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாவிட்டால் நில்லுங்கள்.

ரிவேர்ஸுக்கு எனக்குக் கைகொடுத்தது ஒரே வழி. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, அந்தப் பக்கம் கையைத் தள்ளுங்கள். மூளை குழம்பாது. குட்டையான ரெயிலர் சட்டென்று மடியும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மடியத் தொடங்கினால் முன்னுக்குப் போய் நேராக்கிவிட்டுத் திரும்ப வாருங்கள். வெறும் ரெயிலர் கண்ணாடியில் தெரியாது. பின் மூலைகளில் இரண்டு உயரத் தடி கட்டிச் சிவப்புத் துணி போடுங்கள். ஒரு ஞாயிறு காலை வெறும் மைதானத்தில் ஒரு மணித்தியாலம் பழகினால் போதும்.

மணலில் இறக்குவது

இதைத்தான் ஆறுதலாக வாசிக்கவேண்டும்.

முதல் நாள் உப்புவெளியில் நான் செய்தது, இணையத்தில் பார்த்த வீடியோக்களில் இருந்தது போலவே, வாகனத்தோடு ரிவேர்ஸில் தண்ணீர் வரைக்கும் போனது. அந்த வீடியோக்களில் இருப்பது கொங்கிறீட் போட்ட சரிவு. எங்கள் கரை மணல். பின் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்தன. நான் இறங்கி மணலைத் தோண்டிக்கொண்டிருக்க, படகின் பின்பக்கம் தண்ணீரில் மிதந்தபடி நின்றது. வந்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. மூன்று அலை. படகுக்குள் 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. மச்சானும் நானும் சேர்ந்து அசைக்கமுடியவில்லை.

கரையில் நின்று வலை இழுப்பவர்களின் கரைவலை வாடியிலிருந்து (கொட்டிலிலிருந்து) ஏழெட்டுப் பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அவர்களில் வயதான ஐயா ஒருவர் சொன்னார்: "தம்பி, வாகனத்த ரோட்டிலயே விடுங்க. வண்டியக் கழட்டிக் கையால தள்ளுங்க. கயிறு இருந்தாக் காணும்." இந்தப் பதிவில் எழுதியிருக்கும் மீதியெல்லாம் அந்த மூன்று வசனத்திலிருந்து வந்ததுதான்.

அப்போதிருந்து செய்வது இப்படி. வாகனம் இறுகிய நிலத்தில் நிற்கும், கடலுக்கு முதுகு காட்டி. ரெயிலரைக் கழற்றுகிறோம். விளக்கு வயரையும் அப்போதே கழற்றிவிடுகிறோம். ரெயிலர் ரயரில் காற்றைப் பாதியாக இறக்கினால் ரயர் சப்பி அகலமாகும், மணலில் புதையாது. ரெயிலரின் மூக்கில் 30 மீற்றர்க் கயிற்றின் ஒரு நுனி, மற்ற நுனி வாகனத்தின் கொக்கியில். பிறகு இரண்டு பேர் கையால் தள்ளிக்கொண்டு போவோம். ஈர மணல் தொடங்கும் இடம் இறுக்கமானது, அங்கே சுலபமாக உருளும்.

தண்ணீர் தொடுவதற்கு இரண்டு மீற்றர் முன்னால் நிறுத்துங்கள். சக்கரம் கடலுக்குள் போகத் தேவையே இல்லை. ஓடி வந்த பெயாரிங் சூடாக இருக்கும். அதைக் கடல் நீரில் அமிழ்த்தினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, உப்புத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். இரண்டு மாதம் அப்படி அமிழ்த்திய பிறகு நான் ஒரு சக்கரத்தைத் திறந்தேன். கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது, குண்டுகளில் செம்புள்ளி.

அப்புறம், காய்ந்த கார்ப்பெட்டில் பிவிசி ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பறிக்காதீர்கள். ஒரு வாளி கடல் நீரைப் பலகைகளின்மேல் ஊற்றினால் படகு தானாக வழுகும். பின்பக்கமாக ஈர மணலில் இறக்குங்கள். இப்போது படகின் பின்பக்கம் கடலைப் பார்த்து நிற்கிறது. அப்படியே தள்ளாதீர்கள். அலை எப்போதும் முன்மூக்கில் வரவேண்டும், பின்பலகையில் அல்ல. 60 கிலோ படகை இரண்டு பேர் மணலிலேயே சுழற்றலாம். மூக்குக் கடலைப் பார்த்ததும் பின் தண்ணீர்த் துளையின் அடைப்பை இறுக்குங்கள், எஞ்சினைப் பூட்டி மேலே தூக்கி வையுங்கள், பெற்றோல் குழாயைக் கொழுவுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர்.

பெரிய அலைகள் சில வந்தபின் கடல் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில் இடுப்பளவு ஆழம் வரைக்கும் நடத்திக்கொண்டு போய் ஏறுங்கள். ஒருவர் மூக்கைப் பிடித்திருக்க மற்றவர் எஞ்சினை இறக்குவார். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் வயரை, ஏறின கையோடு மணிக்கட்டில் மாட்டுங்கள்.

திரும்பி வரும்போது இதே வேலை தலைகீழாக. படகை ரெயிலரில் ஏற்றியதும் வாகனம் வீதியிலிருந்து மெதுவாக இழுக்கும். கயிறு இறுகும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. நைலோன் கயிறு நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். நான் பொலியெஸ்டர்க் கயிறுதான் பாவிக்கிறேன், அது அவ்வளவு நீளாது.

கரைவலை வளைத்திருக்கும் நேரம் அந்தப் பக்கம் இறக்காதீர்கள். இரண்டு கயிறும் கரைக்கு எங்கே வருகிறது என்று பார்த்து, வலையில் மீன் சேரும் மடி கரையேறும் வரைக்கும் பொறுங்கள். அது அவர்களுடைய அன்றைய சாப்பாடு. உட்துறைமுகப் பக்கத்தில் கடற்படை எல்லைகள் இருக்கின்றன, கேட்காமல் இறங்க வேண்டாம்.

கச்சான்

மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதி என்று எல்லாரும் சொல்வார்கள். கரையில் நின்று பார்த்தால் உண்மைதான், கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் அலை எழும்பாததற்குக் காரணமே அதுதான். றப்பர் படகு இலேசானது, குழாய் உயரமானது, காற்றுக்கு அது பாய் மாதிரி. எஞ்சின் நின்றால் உங்களை வெளியேதான் கொண்டுபோகும். விடியற்காலை இறக்கி, காற்று எழும்ப முன் கரைக்கு வந்துவிடுங்கள். இரண்டு துடுப்பும், நீளக் கயிற்றோடு நங்கூரமும் இல்லாமல் போகவே வேண்டாம்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல்லின்மேல் நங்கூரம் போடாதீர்கள்.

வாடைக் காலத்தில், நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, திறந்த கரையில் நான் இறக்குவதில்லை.

வீடு வந்ததும்

எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். ரெயிலர், பட்டி, சங்கிலி எல்லாவற்றுக்கும் தண்ணீர் அடியுங்கள். படகை நிழலில் காயவையுங்கள்.

பிற்சேர்க்கை 1: மூதூரிலிருந்து ஒருவர், லான்ட்மாஸ்டரால் (இரண்டு சக்கர உழவு இயந்திரத்தால்) நேரே தண்ணீர் வரைக்கும் இழுக்கலாமே என்று கேட்டிருந்தார். இழுக்கலாம், மணலில் அது புதையாது. ஆனால் அதன் பின்னால் பூட்டும் பெட்டியில் படகை ஏற்றுவதானால் பலகையும் கார்ப்பெட்டும் அதற்கும் வேண்டும். பெட்டியின் இரும்பு விளிம்பு குழாயைக் கிழிக்கும்.

பிற்சேர்க்கை 2: ரயர்க் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டுத் திரும்ப அடிக்க மறந்து வீதியில் ஓடிய ஒருவருக்கு ரயரின் பக்கச்சுவர் வெடித்திருக்கிறது. அதை நான் எழுதாமல் விட்டது பிழை. படகுப் பம்பால் ரயருக்கு அடிக்கமுடியாது, அதன் அமுக்கம் போதாது. சைக்கிள் பம்ப் ஒன்றை வாகனத்தில் வையுங்கள். நான் இப்போது அந்தப் பம்பை ரெயிலர்க் கொக்கியின்மேலேயே வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறேன். அதை எடுக்காமல் கொக்கியை மாட்டமுடியாது.