சர்க்கரை இல்லாத தேங்காய் சீஸ்கேக்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

சர்க்கரை இல்லாமல் நான் முதன்முதலில் செய்த சீஸ்கேக் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் நறநற என்றது, தயிரில் மணலைக் கலந்த மாதிரி. செய்முறையில் சர்க்கரை என்று இருந்த இடத்தில் அதே அளவு எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டியைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே கொட்டியிருந்தேன். அடுத்த முறை நறநறப்பு போனது, ஆனால் மேலே நடுவில் நீளமாகப் பிளந்துகொண்டது. மூன்றாவது முறைக்கு முன்புதான் உட்கார்ந்து யோசித்தேன்.

சர்க்கரை ஒரு சீஸ்கேக்கில் பல வேலைகளைப் பார்க்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. முட்டையின் புரதம் அவசரமாக இறுகாமல் தடுக்கிறது. அடித்தட்டுக்கு, அதாவது டின்னின் அடியில் அழுத்திப் பரப்பும் அடுக்குக்கு, நிறம் தருகிறது. அதை எடுத்துவிட்டால் இந்த வேலைகளுக்கெல்லாம் வேறு ஆள் பார்க்க வேண்டும். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு விதத்தில் இதற்காகத்தான். ஆகவே இனிப்பூட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த இனிப்பூட்டி?

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது பொடித்த எரித்ரிட்டால். சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் இதற்கு உண்டு. உடலுக்குள் போனால் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் ரத்தச் சர்க்கரையை அநேகமாக அசைப்பதில்லை.

இதன் குறை, தண்ணீரில் கரைவதில் சோம்பேறி. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சர்க்கரை 200 கிராம் வரை கரையும். எரித்ரிட்டால் 60 கிராம் அளவுக்குத்தான். குளிரக் குளிர இன்னும் குறையும். ஃபிரிட்ஜுக்குப் போகப்போகிற ஒரு பண்டத்தில் இதை அள்ளிப் போட்டால் மறுநாள் படிகமாகத் திரும்பி வந்து பல்லில் கடிபடும். அதனால் மிக்ஸியில் நைசாகப் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும், அளவையும் அடக்கி வாசிக்க வேண்டும். (பொடித்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடம் தூசி அடங்கட்டும், இல்லாவிட்டால் தும்மல்தான்.) இன்னும் இனிப்பு வேண்டும் என்றால் எரித்ரிட்டாலைக் கூட்டாமல் ஸ்டீவியா திரவத்தில் சில துளிகள் விடுங்கள். ஸ்டீவியாவை மட்டுமே நம்பிச் செய்தால் நாக்கில் ஒரு கசப்பு தங்கும். முட்டையின் அவசரத்தைத் தடுக்கவும் அந்தச் சில துளிகளால் முடியாது.

அல்லுலோஸ் கிடைத்தால் கெட்டிக்காரத்தனமாக அதையே வாங்கலாம். படிகமாகாது, நிறமும் தரும். ஆனால் எல்லா நாடுகளிலும் அதை விற்க அனுமதி இல்லை. சைலிட்டால் பயன்படுத்தினால் வீட்டு நாயின் வாய்க்கு ஒரு துணுக்குகூடப் போகக் கூடாது. நாய்களுக்கு அது நஞ்சு.

கடையில் லேபிளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இந்த வேலைக்கு மிக முக்கியம். சுகர் ஃப்ரீ என்று எழுதியிருக்கும் பாக்கெட்டில் மால்டிட்டால் இருக்கலாம். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஸ்டீவியா பொடி என்று விற்பதில் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருக்கலாம், அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். தேங்காய்ச் சர்க்கரை என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: தென்னம்பாளையிலிருந்து இறக்கும் சாற்றைக் காய்ச்சி எடுப்பது அது, பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சாதாரணச் சர்க்கரைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு அதிகம் இருந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் காணப்பட்டதாக 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொடர்பைத்தான் அது காட்டியது; எரித்ரிட்டால்தான் காரணம் என்று நிறுவவில்லை. என்றாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

தேவையான பொருட்கள்

20 செ.மீ. அகலமுள்ள, பக்கவாட்டில் கிளிப் வைத்துக் கழற்றும் ஸ்பிரிங்ஃபார்ம் டின்னுக்கு இந்த அளவு. 12 துண்டு வரும்.

அடித்தட்டுக்கு:
இனிப்புச் சேர்க்காத உலர்ந்த தேங்காய்த் துருவல் – 120 கிராம்
பாதாம் மாவு – 80 கிராம்
உருக்கிய வெண்ணெய் – 75 கிராம்
பொடித்த எரித்ரிட்டால் – 30 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

மேல் கலவைக்கு:
கொழுப்பு நீக்காத கிரீம் சீஸ் – 600 கிராம்
பொடித்த எரித்ரிட்டால் – 120 கிராம்
கெட்டியான தேங்காய் கிரீம் – 200 மி.லி.
முட்டை – 3
தேங்காய் மாவு – 1 மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
வெனிலா எசென்ஸ் – அரை தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி

மேலே தூவ இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல் தனியாக.

தேங்காய் கிரீம் என்பது தேங்காய்ப் பாலிலிருந்து பிரியும் கெட்டிப் பகுதி. டின்னில் வாங்கினால் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, அசைக்காமல் திறந்து, மேலே உறைந்து நிற்பதை மட்டும் வழித்தெடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் நமக்கு வேண்டாம். வீட்டில் பால் பிழிபவர்கள் முதல் பாலை அதேபோலக் குளிரவைத்தால் ஆடை மேலே கட்டிவிடும்.

பச்சைத் தேங்காயைத் துருவி அடித்தட்டில் போடலாமா? அப்படியே போடாதீர்கள். புதுத் துருவலில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். தட்டு சொதசொதவென்று ஆகிவிடும். ஓவனில் 100 டிகிரியில் பரப்பி, அவ்வப்போது கிளறி, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும் பதத்துக்கு உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். பால் பிழிந்த சக்கையை இதேபோல நன்றாக உலர்த்தி மிக்ஸியில் பொடித்தால் அதுதான் தேங்காய் மாவு, தனியாக வாங்க வேண்டியதில்லை.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள்

கிரீம் சீஸ், முட்டை, தேங்காய் கிரீம் மூன்றும் இரண்டு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஜில்லென்ற சீஸைக் குழைத்தால் கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியை உடைக்க நீங்கள் பீட்டரை வேகமாக ஓட்டுவீர்கள், வேகமாக ஓட்டினால் காற்று ஏறும், காற்று ஏறினால் மேலே பிளக்கும். என் இரண்டாவது சீஸ்கேக்கின் கதை இப்படித்தான் ஆரம்பித்தது.

இரண்டாவது படி: தேங்காயை வறுப்பது

தேங்காய் சீஸ்கேக் என்று பெயர் வைத்துவிட்டு, சாப்பிட்டால் தேங்காய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கிரீம் சீஸின் புளிப்பு தேங்காயின் மென்மையான வாசனையை அமுக்கிவிடும். வறுத்த தேங்காய்க்கு மட்டும்தான் அதை எதிர்த்து நிற்கும் தெம்பு உண்டு.

அடித்தட்டுக்கான துருவலையும் மேலே தூவுவதற்கானதையும் அடி கனமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், குறைந்த தீயில் வறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அலைபேசியை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். உலர்ந்த துருவலில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு, நிறம் மாறத் தொடங்கினால் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் அரை நிமிடம்கூட இருக்காது. வெளிர்ப் பொன்னிறம் வந்ததும் அடுப்பை அணைத்தால் போதாது, உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியின் சூடே மிச்சத்தைக் கருக்கிவிடும். அடித்தட்டுக்கானது மறுபடி ஓவனுக்குள் போகப்போவதால் அதை இன்னும் கொஞ்சம் முன்னதாகவே எடுங்கள்.

எரித்ரிட்டால் சூட்டில் சர்க்கரையைப் போலப் பழுப்பாவதில்லை. ஆகவே அடித்தட்டின் நிறமும் மணமும் இந்த வறுவலிலிருந்து வந்தால்தான் உண்டு.

மூன்றாவது படி: அடித்தட்டு

ஓவனை 160 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். டின்னின் அடியில் பட்டர் பேப்பரை வெட்டிப் போட்டு, பக்கங்களில் வெண்ணெய் தடவுங்கள். அடித்தட்டுப் பொருட்களை எல்லாம் கலந்து, கையில் பிடித்தால் பிடிபடும் பதத்தில் டின்னில் கொட்டி, தட்டையான கிண்ணத்தின் அடியால் அழுத்தமாகச் சமன்படுத்துங்கள். 10 முதல் 12 நிமிடம், ஓரம் லேசாகச் சிவக்கும் வரை. வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ள வேண்டாம், ஆறினால்தான் இறுகும்.

நான்காவது படி: கலவை

ஓவனை 150க்குக் குறைத்துவிட்டு, அகலமான ஒரு தட்டில் வெந்நீர் ஊற்றி அடி ரேக்கில் வையுங்கள். டின்னையே வெந்நீருக்குள் இறக்கி வைப்பதும் ஒரு முறைதான், பலன் இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஃபாயில் சுற்றியும் எங்கோ ஓர் ஓட்டை வழியாகத் தண்ணீர் நுழைந்து அடித்தட்டை நனைத்துவிட்டால், முதல்முறை செய்பவர் மறுமுறை இந்தப் பக்கமே வர மாட்டார். கீழே தட்டு வைத்தால் போதும்.

கிரீம் சீஸை மட்டும் குறைந்த வேகத்தில் மழமழவென்று குழைத்துக்கொள்ளுங்கள். பிறகு எரித்ரிட்டால், தேங்காய் மாவு, உப்பு. ஓரத்தில் ஒட்டியதை ஸ்பேட்டுலாவால் வழித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. அடுத்து தேங்காய் கிரீம், எலுமிச்சைச் சாறு, வெனிலா. இந்த இடத்தில் சிறிது எடுத்துச் சுவைத்துப் பாருங்கள், இன்னும் முட்டை சேரவில்லை. இனிப்பு போதவில்லை என்றால் ஸ்டீவியா துளிகளுக்கு இதுதான் நேரம். குளிர்ந்த பின் இனிப்பு ஒரு படி குறைந்து தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை கடைசியில்தான். ஒவ்வொன்றாக உடைத்து, மஞ்சள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். முட்டை சேர்ந்த பிறகு அடித்தால் காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓவனில் அது பொங்கி எழுந்து, ஆறும்போது அமுங்கி, மேல்பரப்பைக் கிழித்துவிடும். கட்டி தென்பட்டால் பீட்டரைத் தேடாமல் சல்லடையில் ஊற்றித் தேய்த்து வடித்துவிடுங்கள். டின்னில் ஊற்றிய பிறகு மேடையில் நாலு தட்டு தட்டினால் குமிழிகள் மேலே வரும். ஊசியால் குத்திவிடலாம்.

ஐந்தாவது படி: வேகவைப்பதும் நிறுத்துவதும்

150 டிகிரியில் 55 முதல் 65 நிமிடம். ஓவன் கதவை 50 நிமிடம் வரை திறக்கவே வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். குத்திய குச்சி சுத்தமாக வர வேண்டும் என்ற கேக் விதி இங்கே செல்லாது. சீஸ்கேக் பெயரில்தான் கேக். உள்ளே நடப்பது முட்டையும் பாலும் இறுகும் கஸ்டர்டின் வேலை. டின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் நாலு விரல் அகலத்துக்கு அசையாமல் நின்று, நடுவில் ஓர் உள்ளங்கை அளவு மட்டும் ஜெல்லி போலத் தளும்ப வேண்டும். அலையடித்தால் இன்னும் ஐந்து நிமிடம். நடுவும் கல்லாக நின்றுவிட்டால் தாண்டிவிட்டது என்று பொருள். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 66–68 டிகிரி காட்டும்போது ஓவனை அணையுங்கள். மிச்சச் சூட்டில் அது இன்னும் சில டிகிரி ஏறும்.

அணைத்தபின் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டுவிடுங்கள். சூடான பண்டம் திடீரென்று குளிர்காற்றில் வந்தால் சுருங்கும், ஓரம் டின்னைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நடுவில் பிளக்கும். வெளியே எடுத்ததும் மெல்லிய கத்தியை ஓரமாக ஒரு சுற்று விட்டு டின்னிலிருந்து விடுவியுங்கள். முழுக்க ஆறிய பிறகே மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் ஆவி நீராகச் சொட்டி மேல்பரப்பைக் குழியாக்கும். ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம். நான்கு மணி நேரத்தில் வெட்டிப் பார்த்திருக்கிறேன், சுவை வந்திருந்தது, துண்டு நிற்கவில்லை.

ஒரு துண்டில் எவ்வளவு மாவுச்சத்து?

நான் போட்ட கணக்கு இது, எரித்ரிட்டாலையும் நார்ச்சத்தையும் கழித்தது: கிரீம் சீஸில் 30 கிராம், தேங்காய்த் துருவலில் 10, பாதாம் மாவில் 8, தேங்காய் கிரீமில் 9, முட்டை, மாவு, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 3. மொத்தம் 60, 12 துண்டாக வெட்டினால் ஒன்றுக்கு 5 கிராம். உங்கள் பாக்கெட்டுகளின் லேபிளைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கலோரி ஒரு துண்டுக்கு 370 அளவில் வரும். கார்ப் குறைவுதானே என்று இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பலனில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான சாப்பாட்டோடு இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சொதப்பினால்

பிளந்துவிட்டால் கவலை வேண்டாம், வறுத்த தேங்காயை அங்கே கொஞ்சம் தாராளமாகத் தூவுங்கள். யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகும் நடுவில் ஒழுகினால் வேகவில்லை. மறுபடி ஓவனில் வைத்தால் ஓரம் வறண்டுவிடும், நடு தேறாது. நன்றாக வெந்த ஓரத்தை மட்டும் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை பத்து நிமிடம் கூட்டுங்கள்.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அதையே திரும்பச் செய்யுங்கள். மேலே தூவும் தேங்காயைப் பரிமாறும் நேரத்தில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் ஈரம் இழுத்து மொறுமொறுப்பு போய்விடும். ஃபிரிட்ஜில் நான்கு நாள் நன்றாக இருக்கும். மிஞ்சியதைத் துண்டு துண்டாகச் சுற்றி ஃபிரீசரில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். சாப்பிட நினைக்கும் நாளுக்கு முந்தைய இரவு கீழே ஃபிரிட்ஜுக்கு இறக்கி வையுங்கள்.