டிஜிட்டல் பெத்தாலஜி: ஸ்கேனர் பார்க்காமல் விட்ட துண்டு

திசுவைப் பரிசோதித்து நோயைக் கண்டறியும் பெத்தாலஜி துறை, ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குப் பதில் ஸ்கேன் செய்து திரையில் பார்க்கும் டிஜிட்டல் முறைக்கு மாறப்போகிறது என்றாலே பேச்செல்லாம் ஸ்கேனரைச் சுற்றித்தான்: எத்தனை ஸ்லைடு கொள்ளும், ஒரு ஸ்லைடுக்கு எத்தனை நொடி. பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவை இங்கே வேண்டாம். நாங்களும் செய்து, இன்று புதிதாக மாறுகிறவர்களும் அப்படியே செய்கிற தவறுகள் சில உண்டு.

ஸ்கேன் முடிந்தால் முழுதும் வந்துவிட்டது என்று நம்புவது

நோயாளிக்கே உலை வைக்கும் தவறு இது. அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்கேனர் முதலில் கண்ணாடி முழுவதையும் குறைந்த தெளிவில் ஒரு படம் எடுக்கும். அதில் நிறம் தெரிகிற இடத்தில்தான் திசு இருக்கிறது என்று மென்பொருள் முடிவுசெய்து, அந்த இடங்களை மட்டும் 20 எக்ஸ் அல்லது 40 எக்ஸில் ஸ்கேன் செய்யும். சிக்கல் வெளிறிய திசுவில் வருகிறது. மார்பகக் கொழுப்பு, மியூசின் (சளி போன்ற பொருள்), லேசான நீலம் மட்டுமே ஏறிய நெகட்டிவ் இம்யூனோ ஸ்லைடு (ஆன்டிபாடியால் குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் ஸ்லைடு), அரை மில்லிமீட்டர் பயாப்சித் துணுக்கு: இவையெல்லாம் மென்பொருளுக்கு வெறும் கண்ணாடியாகத் தெரியலாம்.

புரோஸ்டேட் ஊசி பயாப்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் நான்கு இழைகள். மூன்றில் நிறம் நன்றாக ஏறியிருக்கிறது. நான்காவது மெலிந்து, உடைந்து, லேபிளை ஒட்டிக் கிடக்கிறது. திரையில் மூன்று இழைகள் பளிச்சென்று வருகின்றன. எரர் செய்தி எதுவும் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதென்றால் ஸ்லைடைக் கையில் எடுக்கும்போதே கண் நான்கு என்று எண்ணிவிடும். டிஜிட்டலில் காணாமல் போவது அந்த ஒரு நொடிப் பார்வைதான். படம் மங்கலாக இருந்தால் மறுபடி ஸ்கேன் கேட்பார்கள். வராத துண்டை யார் கேட்பது?

ஆகவே வந்த திசுவை முதலில் பார்த்து வெட்டியெடுக்கும் குரோசிங் மேசையிலேயே துண்டுகளின் எண்ணிக்கையைப் பதியுங்கள். 'பல துண்டுகள்' என்று எழுதி முடிக்காதீர்கள். ஸ்கேன் முடிந்ததும் டெக்னீஷியன் முழுக்கண்ணாடிப் படத்தைத் திறந்து, ஸ்கேன் ஆன பகுதியைக் காட்டும் கட்டத்துக்கு வெளியே திசு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், பகுதியைக் கையால் வரைந்து மறு ஸ்கேன். பெத்தாலஜிஸ்டும் ஒவ்வொரு ஸ்லைடையும் அந்தப் படத்திலிருந்தே தொடங்கட்டும். கொழுப்புத் திசுவுக்கும் இம்யூனோவுக்கும் தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, கவர்ஸ்லிப் (திசுவை மூடும் மெல்லிய கண்ணாடி) பரப்பு முழுவதையும் ஸ்கேன் செய்யும் தனி புரொஃபைல் வையுங்கள். நேரம் கூடும்; கூடட்டும். இம்யூனோவில் கண்ட்ரோல் திசுவும் (சாயம் சரியாக வேலை செய்ததா என்று காட்ட வைக்கும் துண்டு) படத்துக்குள் வந்திருக்க வேண்டும். கண்ட்ரோலைப் பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுத முடியாது.

ஸ்லைடு தயாரிப்பைப் பழையபடியே விடுவது

மைக்ரோஸ்கோப்பில் மடிப்பு வந்தால் கை தானாக ஃபோகஸைத் திருகும். ஸ்கேனர் வழக்கமாக ஒரே தளத்தைத்தான் எடுக்கும். 40 எக்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மைக்ரான், வெட்டின் தடிமனோ 3 முதல் 4 மைக்ரான். மடிப்பு, காற்றுக்குமிழ், பேனாப் புள்ளி, கவர்ஸ்லிப் மேல் சிந்திய மவுண்டன்ட் (கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசை) துளி எதன்மீதாவது ஃபோகஸ் புள்ளி போய் விழுந்தால் சுற்றியுள்ள திசு மங்கிவிடும். மவுண்டன்ட் காயாத ஸ்லைடு ரேக்கில் ஒட்டிக்கொள்ளும். விளிம்பைத் தாண்டிய லேபிள் சிக்கி இயந்திரம் நின்றால், இரவில் ஏற்றிய ரேக்குகள் காலையில் அப்படியே இருக்கும்.

பார்கோடு படிக்காதபோது கையால் எண் தட்டுவது

கூடாது. புது லேபிள், மறு ஸ்கேன்.

சேமிப்பிடத்தைக் குத்துமதிப்பாகப் போடுவது

15 மில்லிமீட்டர் சதுரத் திசு, பிக்சலுக்கு 0.25 மைக்ரான் என்றால் பக்கத்துக்கு 60,000 பிக்சல். மொத்தம் 360 கோடி. பிக்சலுக்கு 3 பைட் வீதம் சுருக்காமல் 10.8 ஜிகாபைட், இருபதில் ஒன்றாகச் சுருக்கினால் அரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். நாளுக்கு 400 ஸ்லைடு, ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஏறத்தாழ 65 டெராபைட். இரண்டாவது பிரதி வைத்தால் இரட்டிப்பு. சைட்டாலஜிக்கு (தனித்தனி செல்களைப் பார்க்கும் பரிசோதனை) பல தளங்களில் ஸ்கேன் செய்தால், எத்தனை தளமோ ஏறக்குறைய அத்தனை மடங்கு.

சுலபமான கேஸ்களை வைத்துச் சரிபார்ப்பது

அமெரிக்க நோயியல் வல்லுநர் கல்லூரியின் வழிகாட்டுதல் (2013, திருத்தம் 2021) குறைந்தது 60 கேஸ்களைக் கண்ணாடியிலும் திரையிலும் பார்க்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே 2 வாரமாவது இடைவெளி வேண்டும். ஒத்துப்போவது 95 சதவீதத்துக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். பெரிய, சந்தேகமற்ற கட்டிகளாகப் பொறுக்கிப்போட்டால் 95 தானாக வந்துவிடும். ஹெலிகோபாக்டர் (இரைப்பையில் வாழும் நுண்ணிய பாக்டீரியா), நிணநீர்க் கணுவில் ஒதுங்கிய சிறு செல் கூட்டம், டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) தரம் பிரித்தல் ஆகியவை அந்த 60-க்குள் இருக்கட்டும்.

ஹை பவர் ஃபீல்டு கணக்கைத் திரைக்குக் கொண்டுவருவது

ஹை பவர் ஃபீல்டு என்பது மைக்ரோஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கத்தில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம். 22 ஃபீல்டு எண் (பார்வை வட்டத்தின் அகல அளவு) கொண்ட ஐபீஸில் 40 எக்ஸ் ஃபீல்டு ஒன்றின் பரப்பு சுமார் 0.24 சதுர மில்லிமீட்டர். திரையில் தெரியும் பரப்பு மானிட்டருக்கு மானிட்டர் மாறும். மைட்டோசிஸை (பிரிந்துகொண்டிருக்கும் செல்களை) 'பத்து ஃபீல்டில்' என்று எண்ணாமல், 2.4 சதுர மில்லிமீட்டர் கட்டம் வரைந்து அதற்குள் எண்ணுங்கள்.

மைக்ரோஸ்கோப்பை மூட்டை கட்டுவது

வேண்டாம். அமிலாய்டு என்ற புரதப் படிவைத் தேடும் காங்கோ ரெட் சாய ஸ்லைடுக்குப் போலரைசர் (ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் வடிகட்டி) தேவை. பெரும்பாலான ஸ்கேனர்களில் அது இல்லை.