புளோரன்ஸ் சின்ன ஊர்தான் என்று ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்

ரோமில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸ். ஸ்டேஷனிலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடை, அங்கிருந்து பொன்டே வெக்கியோ பாலத்துக்கு இன்னொரு பத்து நிமிடம். வரைபடத்தைப் பார்த்ததும் 'காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த ஊரில் செய்யும் மற்ற தவறுகளில் பாதி இந்த அவசரத்தில் முளைப்பவை. நடக்கும் தூரம் குறைவுதான், ஆனால் நின்று பார்க்க வேண்டியது ஏராளம். இரண்டு இரவாவது தங்குங்கள். அதில் ஒரு நாள் திங்கட்கிழமையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். உஃபிஸி, அகாதெமியா இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று கேள்விப்பட்டு ஓடவும் வேண்டாம். அன்றைக்குக் கூட்டத்தில் படம் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

அடுத்தது குவிமாடம். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை என்பதால், மேலேயும் அப்படியே ஏறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அதற்கு நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். சீசனில் பல நாள் முன்னாலேயே டிக்கெட் தீர்ந்துவிடும். மொத்தம் 463 படிகள், லிஃப்ட் கிடையாது. மூட்டுவலி இருப்பவர்களும் குறுகலான இடத்தில் மூச்சுமுட்டுகிறவர்களும் தயவுசெய்து வீம்புக்கு ஏறாதீர்கள்.

ஏற முடிந்தவர்கள் கடகடவென்று உச்சிக்கு ஓடிவிடக் கூடாது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்த இந்தக் குவிமாடம் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மாடங்கள். படிக்கட்டு அந்த இரண்டுக்கும் இடையில்தான் போகிறது. மேலே போகப் போகச் சுவர் உங்கள் மேல் சாய்ந்து வரும், நீங்களும் உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஏற வேண்டும். ஓரிடத்தில் நின்று செங்கற்களைக் கவனியுங்கள். படுக்கையாக அடுக்கிய வரிசைக்கு நடுவே சில கற்கள் செங்குத்தாக நிற்கும், மீன் முள்ளைப் போல. சாந்து காய்வதற்குள் சாய்ந்த வரிசை சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அவர் செய்த ஏற்பாடு அது. தரையிலிருந்து சாரத்தில் தாங்காமலே இவ்வளவு பெரிய மாடம் எழும்பிய ரகசியத்தில் ஒரு பங்கு உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொரு தவறு. பேராலயத்துக்கு எதிரே திருமுழுக்கு ஆலயத்தின் கிழக்கு வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் தங்கக் கதவைப் படமெடுத்துக்கொண்டிருக்கும். அது நகல். சிற்பி கிபெர்ட்டி 27 வருடம் உழைத்து 1452-இல் முடித்த அசல் கதவு, பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது வெள்ளம் அதன் பத்துப் பலகைகளில் ஐந்தைப் பிய்த்து எறிந்தது. அவற்றையெல்லாம் மீட்டுச் சுத்தம் செய்து இப்போது கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். குவிமாடத்துக்கு வாங்கும் டிக்கெட்டிலேயே இந்த அருங்காட்சியகமும் அடங்கும். இருந்தும் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அங்கே மைக்கேலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய பியெத்தாவும், அதாவது இறந்த இயேசுவைத் தாங்கி நிற்கும் காட்சிச் சிலையும் இருக்கிறது. கல் ஒத்துழைக்காத கோபத்தில் அவரே சுத்தியால் உடைத்த சிலை அது. இயேசுவின் இடது கால் இன்றும் இல்லை.

அவருடைய டேவிட் சிலையிலும் அதே நகல், அசல் கதைதான். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் வெயிலில் நிற்பது நகல், அசல் 1873 முதல் அகாதெமியாவில். அங்கே போகிறவர்களும் நேராக டேவிட்டை நோக்கி விரைகிறார்கள். வழியில் இருபுறமும் நிற்கும் முடிவடையாத 'கைதிகள்' சிலைகளிடம் கொஞ்சம் நில்லுங்கள். கல்லுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த உடம்பு, அதன் மேல் உளி இழுத்த கோடுகள் வரிவரியாக அப்படியே தெரியும். டேவிட்டின் வழுவழுப்பு எங்கிருந்து தொடங்கியது என்று அப்போதுதான் புரியும்.

சின்ன விஷயங்களும் சில உண்டு. தோள், முழங்கால் மூடாத உடையில் போனால் கோயில் வாசலில் நிறுத்திவிடுவார்கள், ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு பழைய நகருக்குள் நுழையாதீர்கள். அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா பிடிக்கும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். பக்கத்து ஊர்களான பீசாவுக்கோ லூக்காவுக்கோ வட்டார ரயிலில் போகும்போது காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். தெருவில் விரித்து விற்கும் போலி பிராண்ட் பைகளை வாங்கினால், வாங்கியவருக்கும் அபராதம். காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகப் பில்லில் தலைக்கு இவ்வளவு என்று 'கொப்பெர்த்தோ' சேர்ந்திருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது அங்கே வழக்கமான மேசைக் கட்டணம்.

சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் மைக்கேலாஞ்சலோ திடலோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி சான் மினியாத்தோ கோயில் படிகளில் உட்காருங்கள். அதே காட்சிதான், கூட்டம் பாதிகூட இருக்காது.

அப்புறம், கடைசி நாளில் அரை நாள் மிச்சமிருந்தால் ஆற்றோரமாக மேற்கே கஷீனே பூங்காவின் முனை வரை போய் வாருங்கள். இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் கோலாப்பூரின் இளம் மன்னர் இரண்டாம் ராஜாராம் 1870-இல் இந்த ஊரில் இறந்துபோனார். முஞ்ஞோனே ஓடை ஆர்னோவில் கலக்கும் இடத்தில், இந்து முறைப்படி அவரைத் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1874-இல் எழுப்பிய மண்டபத்துக்குள் தலைப்பாகையோடு அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் பெரிய பாலத்துக்கு 'இந்தியர் பாலம்' என்றே பெயர்.